மேல ஒண்ணுமில்லீங்க

நடுவீட்டுச் சீலிங் தொப்பை போட்டுவிட்டது. முதலில் கண்டவள் இலக்கியா. பாயில் மல்லாந்து படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, மேல பாருங்க, வவுறு தொங்குது" என்றாள். அது திங்கட்கிழமை. "போனைப் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு மங்கிப் போச்சு" என்று மஞ்சுளா அதட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தொப்பை நாலு விரல் ஆழம் இறங்கியது. புதன்கிழமை போர்டும் போர்டும் சேருகிற இடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு விட்டது. வியாழக்கிழமை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் தரையில் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது. பெற்ற மகளை அதட்டலாம், சீலிங்கை அதட்ட முடியுமா?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வருகிறது. இலக்கியாவைப் பெண் பார்த்தாகிவிட்டது, ஜாதகம் ஒத்துப் போய்விட்டது, மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனும் அவளும் போனில் சண்டை போட்டுச் சமாதானமாகிற அளவுக்கு வந்தாயிற்று. இனி வீடு பார்ப்பதுதான் பாக்கி. பங்காளி, மாமன் மச்சான் என்று இருபது பேர் வந்து அந்த நடுவீட்டில், அந்தத் தொப்பைக்கு நேர் கீழே ஜமக்காளத்தில் உட்காரப் போகிறார்கள்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த வீடு பனைமரச் சட்டமான பனங்கை போட்டு ஓடு வேய்ந்தது. மஞ்சுளாவின் புருஷன் கதிர்வேல் போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் பத்து மாசம் வடக்கே கிடப்பவர். ஐந்து வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது, சோற்றுத் தட்டில் ஓட்டுத் தூசி விழுகிறது, தேள் விழுகிறது என்று சலித்துக்கொண்டு, ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் போர்டு அடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி ரயிலேறினார். ஓட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற இடம் இருந்தது. ஏறிப் பார்க்க ஒரு மூலையில் சதுரமாக ஒரு மூடி விட்டிருந்தார்கள்.

அங்கேதான் மஞ்சுளா தப்புச் செய்தாள். பிறந்த வீட்டிலும் சரி, வாக்கப்பட்ட வீட்டிலும் சரி, தலைக்கு மேல் பலகை இருந்தால் அது அட்டாலி. அதில் வெங்காயம் பரப்பலாம், விறகு அடுக்கலாம், சீர்ப் பாத்திரம் ஏற்றலாம். இந்த வெள்ளைப் போர்டையும் அவள் அட்டாலி என்றுதான் சொல்லி வந்தாள். காகிதத்துக்கு நடுவில் மாவை வைத்து அழுத்திய அட்டை அது, தன் கனத்தைத் தாங்கவே அதற்குக் கம்பி வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற நிலைமையிலும் அவள் அன்றைக்கு இல்லை.

சித்திரை மாசம் ஒரு நாள் விடிவதற்கு முன்னால், மூத்த மகள் சௌந்தர்யாவின் சீர்ப் பாத்திரம் மொத்தமும் அவளோடு ஒரு டெம்போவில் திரும்பி வந்தது. அவள் புருஷன் ரிக் வேலைக்கு ராய்ப்பூர் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பெண் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்தால் நாலு பெரியவர்கள் கூடிப் பேசிக் கொண்டுபோய் விடலாம். பாத்திரம் திரும்பி வந்துவிட்டால் பேச ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அண்டா, குண்டா, தவலை, குடம், ஒவ்வொன்றிலும் சௌந்தர்யா என்ற பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. மஞ்சுளா ஏணி போட்டு ஏற்றிக் கொடுக்க, சௌந்தர்யாவே உத்திரத்தின் மேல் உட்கார்ந்து தன் பாத்திரங்களை வாங்கி வாங்கி உள்ளே தள்ளினாள். வெயில் ஏறுவதற்குள் மூடி விழுந்துவிட்டது.

அப்புறம் இலக்கியாவுக்கு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். "மூத்தவ மாப்பிள்ளையோட ராய்ப்பூர்ல இருக்கறாங்க" என்று தரகரிடம் மஞ்சுளாவின் வாயில் வந்துவிட்டது. வந்த வார்த்தையை விழுங்க முடியவில்லை. வெளியாள் யாராவது வந்தால் சௌந்தர்யா உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். திருச்செங்கோட்டுக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்று மூன்று மணி நேரம் இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே இருந்தாள். இந்தத் தடவை அதுகூட வேண்டாம் என்று மஞ்சுளா முடிவு செய்திருந்தாள். மேச்சேரியில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்கு மத்தியான பஸ்ஸில் அவளை அனுப்புவதாக ஏற்பாடு. கதிர்வேலிடம் போனில் கேட்டதற்கு, "உனக்கு எது தோணுதோ பண்ணு" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். நாளைக் காலை ரயிலில் சேலத்தில் வந்து இறங்குவார்.

சீலிங் வேலைக்கு ராசிபுரத்திலிருந்து வெள்ளியங்கிரியும் அவர் சம்சாரம் அனிதாவும் மொபெட்டில் வந்தார்கள். புருஷன் ஏணியில் ஏறினால் பெண்டாட்டி கீழே முட்டுப் பிடிப்பாள், விரிசல் பூசப் பட்டி கலக்குவாள், தகரச் சேனல் அறுப்பாள். பதினோரு வருஷமாக இரண்டு பேருமாகத்தான் வேலை.

வெள்ளியங்கிரி ஏணியில் ஏறி உள்ளங்கையால் போர்டைத் தடவினார். ஸ்குரூ டிரைவர் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்தார்.

"ஏனுங்க்கா, மழைத்தண்ணி ஒழுவுதுங்களா?"

"ஒரு சொட்டு ஒழுவலீங்க."

"அதானுங்க எனக்கும் புரியல. ஈரம் புடிச்சா போர்டு தொங்கும், மஞ்சக் கறை உளுகும். இங்க கறையே இல்ல. ஸ்குரூ தலையப் பாருங்க, போர்டப் பிச்சுட்டு வருது. பாரம் அமுக்குனாத்தானுங்க இப்பிடி வரும். மேல ஏதாச்சும் ஏத்தி வெச்சிருக்கறீங்களா?"

"மேல ஒண்ணுமில்லீங்க."

"மரநாய் கிரநாய் கூடு கட்டியிருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்கறேன்."

"செரி, மூடியத் தொறந்து ஒருக்கா எட்டிப் பாத்தர்றேன்."

மஞ்சுளா ஏணியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அது பெயிண்டுல ஒட்டிக் கெடக்குதுங்க. தொறந்தா ஒடைஞ்சு போயிரும். நாளைக்கி ஒறம்பரை வருதுங்க. கீழ இருந்தே தூக்கி நிறுத்தி, நாளைக்கி ஒரு நாள் தாங்கற மாதிரி பண்ணிக் குடுங்க. அப்பறம் மெதுவா எல்லாம் பாத்துக்கலாம்."

வெள்ளியங்கிரி இறங்கி வந்து அனிதாவைப் பார்த்தார். அனிதா மூடியைப் பார்த்தாள், மஞ்சுளாவைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாமானை எடுக்கப் போனாள்.

சென்ட்ரிங் வேலைக்கு வைக்கிற இரும்பு ஜாக்கி இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றைத் தொப்பைக்குக் கீழே நிறுத்தி, தலையில் பலகை கொடுத்து, கைப்பிடியைத் திருகத் திருகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ள வேண்டும். போர்டு மட்டத்துக்கு வந்ததும் குறுக்கே புதிய சேனல் கொடுத்து அகல வாசர் போட்ட ஸ்குருவால் இறுக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். அடுப்படியில் இலக்கியா நாளைக்கென்று கச்சாயத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்காரர்களுக்காக அரிசிம்பருப்பு சோறு கொதித்துக்கொண்டிருந்தது. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் சௌந்தர்யா பையைக் கட்டி வைத்துக்கொண்டு, இவர்கள் எப்போது சாப்பிட வெளியே போவார்கள், எப்போது பஸ்ஸுக்கு நழுவலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டரை மணிக்குத் தூறல் பிடித்தது. ஐப்பசி மழை, நாலு நாளாக விட்டு விட்டுப் பெய்வது. ஓட்டில் சடசடவென்று விழுந்த சத்தத்துக்கு நடுவில், டொக், டொக் என்று வேறொரு சத்தம் கேட்டது.

வெள்ளியங்கிரி கையை நிறுத்தினார். "தண்ணியில தண்ணி சொட்டற மாதிரி கேக்குதே."

"பொடக்காளில குடம் வெச்சிருக்கறனுங்க" என்றாள் மஞ்சுளா.

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சங்கதி விளங்கியது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஒரு குடமும் இல்லை. மேலே எங்கேயோ ஓடு விலகி, அந்தப் பெரிய அண்டாவுக்குள் மழை விழுகிறது. நாலு நாளாக விழுந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் போர்டில் கறை இல்லை. பத்துப் படி அரிசி வேகிற அண்டா அது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மூடியைத் திறப்பார்கள், பாத்திரத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் படிப்பார்கள், ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் சொல்வார்கள் என்று வரிசையாக நினைப்பு ஓடியது. வாயை மூடிக்கொண்டாள். அனிதா அண்ணாந்து பார்த்தபடி ஜாக்கிக்குப் பக்கத்தில், தொப்பைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"திருகு புள்ள, அரைச் சுத்து" என்றார் ஏணியில் நின்ற வெள்ளியங்கிரி.

அனிதா திருகினாள். பலகை போர்டைத் தொட்டது.

"இன்னொரு அரைச் சுத்து."

போர்டு முனகியது.

"கனமா இருக்குதுங்க. கை வலிக்குது."

"கனமா இருக்குதா? போர்டுக்கு என்ன கனம்? இன்னுங் கொஞ்சம்."

மூன்றாவது சுற்றில் மேலே ஏதோ நகர்ந்தது. கரகரவென்று இரும்பில் பித்தளை உராய்கிற சத்தம். டப்பென்று ஒரு ஸ்குரூ தெறித்துச் சுவரில் பட்டது. முடி கனத்துக் கோடு ஒரே இழுப்பில் சுவர் வரை ஓடிப் பிளந்தது. வெள்ளியங்கிரி "அனிதா!" என்று கத்தினார். அனிதா மேலே பார்த்தபடி ஜாக்கியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். உள் அறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. சௌந்தர்யா எங்கிருந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அனிதாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் சுவரோரம் போய் விழுந்தார்கள். பிளவு வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. தண்ணீரோடு ஒரு பித்தளைச் சொம்பு விழுந்து, அனிதா நின்ற இடத்தில் காவித் தரையைப் பெயர்த்துவிட்டு உருண்டது.

வெள்ளியங்கிரி ஏணியிலிருந்து குதித்தார். இரண்டாவது ஜாக்கியை இழுத்துப் பிளவுக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தார். அது தாங்கிக்கொண்டது.

"எத்தன தடவைங்க கேட்டேன்?" என்றார். "மேல என்ன இருக்குதுன்னு எத்தன தடவ கேட்டேன்? எம் பொண்டாட்டி கீழ நிக்கறா. பாத்துட்டேதானுங்க நின்னீங்க?"

மஞ்சுளா பார்த்துக்கொண்டேதான் நின்றாள். அது அவளுக்குத் தெரியும்.

"என்ற சீர்ப் போசி பாத்தரமுங்கண்ணா" என்றாள் சௌந்தர்யா. சேலை முழுக்க நனைந்து, முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. "திரும்பி வந்துருச்சுங்க. ஆருக்கும் தெரியக் கூடாதுன்னு நாங்கதான் மேல ஏத்தி வெச்சோம்."

அனிதா சொம்பை எடுத்தாள். அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். சௌந்தர்யாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, தன் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"கெளம்பு, போலாம்" என்றார் வெள்ளியங்கிரி. "இந்த ஊட்டு வேல நமக்கு வேண்டாம்."

"போயிட்டா?" என்றாள் அனிதா. "பொழுதுக்குள்ள மொத்தமும் கீழ வந்துரும். இவிய மூணும் பொம்பளைங்க. ரண்டு ஜாக்கியையும் உட்டுட்டுப் போவீங்களா, புடுங்கிட்டுப் போவீங்களா?"

வெள்ளியங்கிரி வாசலில் போய் நின்று கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். கோபம் தணிகிற ஆள் மாதிரி தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது வேலைக்காரனாக வந்தார்.

"உள்ள இருந்து எடுக்க முடியாதுங்க. மூடிப் பக்கத்துச் சேனலே வளைஞ்சு போச்சு, கை வெச்சா மிச்சமும் வந்துரும். வெளிய இருந்து ஓட்டப் பிரிச்சு, உத்திரத்துல நின்னு, ஒவ்வொண்ணாக் கயித்துல கட்டி வாசல்ல எறக்கோணும்."

"வாசல்லயுங்களா?" என்றாள் மஞ்சுளா. "பொடக்காளிப் பக்கமா எறக்க முடியாதுங்களா?"

"அந்தப் பக்கம் ஓடெல்லாம் பாசங்க. வழுக்கிச்சுன்னா கெணத்துலதான் கெடப்பேன்."

"பொழுது உளுந்ததுக்கப்பறம் எறக்குனா?"

"மேகத்தப் பாருங்க்கா. இன்னொரு மழை தாங்காது."

வடக்கே கருகருவென்று கூடியிருந்தது. மஞ்சுளா சௌந்தர்யாவைப் பார்த்தாள். "உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு…" என்று தொடங்கினாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பஸ்ஸு போயிருச்சுங்கம்மா. ஓட்டப் பிரிக்கச் சொல்லுங்க."

அடுப்படி வாசலில் நின்ற இலக்கியா அழுதுகொண்டிருந்தாள். "நாளைக்கி அவிய வராமப் போயிட்டா?" என்றாள். மஞ்சுளாவுக்கு இரண்டு மகள்களில் யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை.

"பிரிங்க" என்றாள்.

தூறல் விட்டதும் வெள்ளியங்கிரி கூரைமேல் ஏறினார். ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிவிட்டு உள்ளே இறங்கினார். முதலில் குடம் வந்தது. பிறகு தவலை, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட போசிகள், குத்துவிளக்கு, இன்னும் ஒட்டின சீட்டுக்கூடக் கிழிக்காத எவர்சில்வர் அடுக்கு. சௌந்தர்யாவும் அனிதாவும் கீழே பிடித்து இறக்கினார்கள். தெருவில் போனவர்கள் நடையை மெதுவாக்கினார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பெரிய அண்டா ஓட்டு விளிம்பில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. தண்ணீர் பாதி இன்னும் உள்ளே இருந்தது. கவிழ்க்க இடமில்லை.

சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த கருப்பண்ணன் வண்டியை நிறுத்தினார். "என்னங்க மஞ்சக்கா, பாத்திரக்கடை வெக்கறீங்களா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மஞ்சுளாவிடம் ஏழு மாசத்துக்கு வேண்டிய பொய் கைவசம் இருந்தது. சின்னவளுக்குச் சீர் வாங்கியது என்று சொன்னால் முடிந்தது. சொல்ல வாயெடுத்தவள், தன் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

"சௌந்தர்யாளோட சீர்ங்க. சித்தரையில திருப்பி அனுப்பிப்போட்டாங்க. அவ இனி இங்கதான்."

கருப்பண்ணன் "செரிங்க" என்றார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். "எறக்குங்கண்ணா, நான் புடிச்சுக்கறேன்" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். அண்டா தண்ணீரைச் சிந்திச் சிந்தி வாசலில் வந்து உட்கார்ந்தது.

சாப்பிட்டுவிட்டு வெள்ளியங்கிரி உள் வேலையைத் தொடங்கினார். கிழிந்த போர்டை அறுத்து எடுத்தார். பழைய ஆள் கம்பியை ஓடு தாங்குகிற ரீப்பரில் கட்டியிருந்ததைக் காட்டித் திட்டினார். பனங்கையிலேயே துளை போட்டுப் புதிய கம்பி தொங்கவிட்டு, இரண்டடிக்கு ஒரு சேனல் இருந்த இடத்தில் ஓரடிக்கு ஒன்று கொடுத்தார். அனிதா பட்டி கலக்கினாள். அதற்கு மேல் மஞ்சுளாவால் பொறுக்க முடியவில்லை. இந்நேரம் சங்கதி புதுச்சத்திரம் தாண்டியிருக்கும். யாரோ போய்ச் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். வேப்பமரத்தடியில் போய் நின்று மாப்பிள்ளையின் அம்மா செல்லாயிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, ஒரு விசயம் சொல்லோணுமுங்க" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் பயம் வந்துவிடும். டெம்போ வந்தது, மேலே ஏற்றியது, ராய்ப்பூர் என்று சொன்னது பொய், பெண் பார்க்க வந்த அன்று பிள்ளை உள் அறையில்தான் இருந்தாள், எல்லாவற்றையும் கொட்டினாள். "நாளைக்கி நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டமுங்க. சின்னவ மேல ஒரு தப்புமில்ல. பொய்யெல்லாம் நாந்தான்."



"என்ற சின்ன நாத்தனாள உங்க மூத்தவளக் குடுத்த ஊர்லதானுங்க குடுத்திருக்குது" என்றாள் செல்லாயி. "போசிய வண்டியில ஏத்துன அன்னைக்கே எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமுங்களா…"

"தெரிஞ்சுதானுங்க பொண்ணுக் கேட்டோம். அவன் பண்ணுன அழும்புக்கு இந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்? ஆனா ஒண்ணுங்க. நீங்க ராய்ப்பூரு, ராய்ப்பூருன்னு சொல்லச் சொல்ல எங்கூட்டுக்காரருக்குத்தான் மனசே ஆவல. அந்தப் புள்ளைய எங்க வெச்சிருக்கறாங்களோ, சோறு தண்ணி ஒழுங்காக் குடுக்கறாங்களோன்னு கேட்டுட்டே இருப்பாரு. நாளைக்கி வாரோம். அதுவும் எங்க கூட உக்காந்து சாப்புடோணும், சொல்லிப்போட்டேன்."

போனை வைத்தபோது மஞ்சுளாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. உள்ளே ஓடி இலக்கியாவிடம் சொன்னாள். இலக்கியா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வாசலில் சௌந்தர்யா அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா சிரித்த முகத்தோடு வந்தாள்.

"அவிய வாராங்களாமா, சாமி. அவியளுக்கு எல்லாம் முந்தியே தெரியுமாமா."

சௌந்தர்யா தேய்ப்பதை நிறுத்தினாள். "எப்பலருந்துங்க?"

"சித்தரையிலருந்தே தெரியுமாமா."

"சித்தரையிலருந்தா?" சௌந்தர்யா நிமிர்ந்தாள். "அப்ப இத்தன நாளு நான் ஆருக்காவங்கம்மா கதவச் சாத்தீட்டு உள்ள உக்காந்திருந்தேன்?"

மஞ்சுளாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஊருக்காக என்று சொல்ல வாய் வந்தது. இலக்கியாவுக்காக என்றும் சொல்லலாம். இரண்டையும்தான் ஏழு மாசமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த அனிதாவின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றது யாருக்காக?

"எனக்காவத்தான் சாமி" என்றாள். "எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. உன்னையக் கொண்டு போய் உள்ள வெச்சுப்போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சௌந்தர்யா அவளைத் தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. புளிச்சக்கையை எடுத்து விட்ட இடத்திலிருந்து தேய்த்தாள். உள்ளே டிரில் மிஷின் பனங்கையைத் துளைக்கிற சத்தம் கேட்டு நின்றது. அண்டாவைச் சுற்றித் தேய்த்து முடித்து, மூன்று குடம் தண்ணீர் ஊற்றி அலசினாள்.

"அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க" என்றாள். "ஒத்தையில கவுக்க முடியாது."

அம்மா என்று அவள் கூப்பிடவில்லை. அதை மஞ்சுளா கவனித்தாள். சேலையை வரிந்து செருகிக்கொண்டு வந்து, அண்டாவின் வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.